அமெரிக்க ரெசிடென்சியில் சிறுபான்மை டாக்டர்கள் படும் பாடு

கேள்வி இது: "என் தங்கை மகள் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்க ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கிறாள். அங்கே பயிற்சிக் காலத்தில் சிறுபான்மை டாக்டர்களை மட்டமாக நடத்துகிறார்கள் என்று படித்தேன். எவ்வளவு தூரம் உண்மை? நம்மவர்களும் அந்தக் கணக்கில் வருவார்களா?"

உண்மைதான். நான் அங்கே ஒரு பயிற்சி மருத்துவமனையில் உள்மருத்துவம் பார்க்கிறவன், ரெசிடென்ட்கள் எனப்படும் பயிற்சி டாக்டர்களுக்கு மதிப்பீடு போடும் கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். பாகுபாடு இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று வார்டில், எல்லோர் கண்ணெதிரே. இன்னொன்று மூடிய அறைக்குள், மதிப்பீட்டுத் தாளில். வார்டில் நடப்பது மனதை நோகடிக்கும். பிழைப்பைக் கெடுப்பது அந்தத் தாள்தான். பத்திரிகைகளில் முதலாவதைப் பற்றியே அதிகம் வருவதால் இரண்டையும் சொல்கிறேன்.

அதற்கு முன் இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். மருத்துவக் கல்லூரி முடித்தவர் ஒரு துறையில் நிபுணர் சான்றுக்கான போர்டு தேர்வு எழுத, துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு வருடம் ஒரு மருத்துவமனையில் ரெசிடென்சி என்ற இந்தப் பயிற்சியை எடுத்தாக வேண்டும். எந்த மருத்துவமனை என்பதை 'மேட்ச்' என்கிற ஒதுக்கீடு தீர்மானிக்கிறது. 1952லிருந்து இதுதான் வழி. மார்ச் மாதம் முடிவு வரும், வந்த இடத்துக்குப் போயே ஆக வேண்டும். சம்பளம் பேச முடியாது. இது போட்டியை நசுக்கும் ஏற்பாடு என்று 2002ல் சில டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். 2004ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஓய்வூதியம் சம்பந்தப்பட்ட ஒரு சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகி மேட்சுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. வழக்கு அதோடு படுத்தது. வேலை நேரம் வாரத்துக்கு 80 மணிக்கு மேல் போகக் கூடாது என்ற விதியே 2003ல்தான் வந்தது, அதுவும் நான்கு வாரச் சராசரிக் கணக்கில். இதற்கு மேல் படிப்புக் கடன். கடன் வாங்கிப் படித்த அமெரிக்க டாக்டர் சராசரியாக 2 லட்சம் டாலர் சுமையோடு வெளியே வருகிறார்.

மற்ற வேலையில் மேலதிகாரி சரியில்லை என்றால் வேறு கம்பெனி பார்க்கலாம். ரெசிடென்ட்டுக்குப் பாடம் சொல்கிறவர், வேலை வாங்குகிறவர், மார்க் போடுகிறவர், நாளைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர் எல்லாரும் ஒரே கூட்டம். பாதியில் இடம் மாறவும் பழைய பயிற்சித் திட்ட டைரக்டரின் கடிதம் வேண்டும். அதனால் யார் என்ன சொன்னாலும் விழுங்கிக்கொள்வதே வழக்கமாகிவிடுகிறது.

சரி, சிறுபான்மை என்றால் அங்கே யார்? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் முதலில் கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர், அமெரிக்கப் பூர்வகுடிகள், போர்ட்டோ ரிக்கோவினர் என்று நான்கு பிரிவினரைச் சொன்னது. 2003லிருந்து, மக்கள்தொகையில் இருக்கும் பங்கைவிட மருத்துவத் தொழிலில் குறைவாக இருக்கும் எந்தச் சமூகமும் என்று மாற்றியது. மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13%, டாக்டர்களில் 6 சதவீதத்துக்கும் கீழே. இந்திய வம்சாவளியினர் மக்கள்தொகையில் துக்கடா, டாக்டர்களில் எக்கச்சக்கம். ஆகவே அந்த வரையறைக்குள் நாம் வர மாட்டோம். ஆனால் பாகுபாடு வரையறை பார்த்து வருவதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் குறைவு தானாக வந்ததும் இல்லை. 1910ல் மருத்துவக் கல்லூரிகளைத் தரம் பிரித்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை வந்தபோது கறுப்பினத்தவருக்கென ஏழு கல்லூரிகள் இருந்தன. அதன் பிறகு மிஞ்சியவை இரண்டுதான்: வாஷிங்டனில் ஹோவர்ட், நாஷ்வில்லில் மெஹாரி. படித்து முடித்தவர்களுக்குப் பயிற்சி இடம் கொடுக்கவும் பெரும்பாலான மருத்துவமனைகள் தயாராக இல்லை. செயின்ட் லூயிஸ் நகரில் 1937ல் திறந்த ஹோமர் ஜி. பிலிப்ஸ் மருத்துவமனை மாதிரி ஒரு சில இடங்களில்தான் கறுப்பின டாக்டர்கள் பயிற்சி எடுக்க முடிந்தது. அதையும் 1979ல் மூடிவிட்டார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் பல அவர்களை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. அதனால் 1895லேயே அவர்கள் தேசிய மருத்துவச் சங்கம் என்று தனியாக ஒன்றை ஆரம்பித்தார்கள். பெரிய சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008ல்.

இப்போது வார்டுக்கு வருவோம். 2018ல் ஜாமா நெட்வொர்க் ஓபன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கறுப்பின, ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி), பூர்வகுடி ரெசிடென்ட்கள் 27 பேரை உட்கார வைத்துப் பேசிய ஆய்வு. அவர்கள் சொன்னவை மூன்று விஷயங்களில் வந்து நின்றன: நாள்தோறும் சின்னச் சின்ன அவமதிப்பு, தங்கள் இனத்துக்கே தூதர் மாதிரி வேலை செய்ய வேண்டியிருப்பது, எப்போதும் வெளியாளாகவே பார்க்கப்படுவது.

சின்ன அவமதிப்பு என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒன்று. காலை ரவுண்ட்ஸ். இரண்டாம் வருட ரெசிடென்ட், கறுப்பினப் பெண். அவருக்குப் பின்னால் வெள்ளைக்கார மாணவன் ஒருவன், இன்னும் படிப்பே முடியவில்லை. கட்டிலில் இருந்த பெரியவரிடம் இவர் தன் பெயரைச் சொல்லி, நான்தான் உங்கள் டாக்டர் என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டு, சாப்பாட்டு டிரேயை இவர் பக்கம் தள்ளினார். அப்புறம் மாணவனைப் பார்த்து, "டாக்டர், எனக்கு எப்போ டிஸ்சார்ஜ்?" என்று கேட்டார். பையன் முகம் சிவந்துவிட்டது. ரெசிடென்ட் டிரேயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பொட்டாசியம் குறைவாக இருக்கிறது, அது சரியானால் நாளைக்குப் போகலாம் என்று அதே குரலில் பதில் சொன்னார். வெளியே வந்ததும் அடுத்த நோயாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கழுத்தில் அடையாள அட்டைக்குக் கீழே 'டாக்டர்' என்று கொட்டை எழுத்தில் இன்னொரு அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பல மருத்துவமனைகளில் இப்போது அப்படி ஒன்றைக் கொடுக்கிறார்கள். ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

விமானத்திலும் இதே கதைதான். 2016 அக்டோபரில் டாமிக்கா கிராஸ் என்ற கறுப்பினப் பெண் டாக்டர், ஹூஸ்டனில் அப்போது ரெசிடென்ட், டெல்டா விமானத்தில் மயங்கிய பயணிக்கு உதவக் கையைத் தூக்கினார். பணிப்பெண் நம்பவில்லை. நிஜ டாக்டரைத் தேடுகிறோம் என்று சொல்லி உட்கார வைத்ததாக அவர் எழுதினார். சான்றிதழ் கேட்டார்கள், எங்கே வேலை என்று கேட்டார்கள். அதற்குள் ஒரு வெள்ளைக்காரர் நானும் டாக்டர் என்று வந்ததும் அவரை ஏற்றுக்கொண்டார்களாம். விஷயம் பெரிதானதும், உதவ வரும் டாக்டரிடம் சான்று கேட்கும் வழக்கத்தை அந்த நிறுவனம் கைவிட்டது.

ஒன்றிரண்டு பேர் சொல்லும் கதை என்று ஒதுக்க முடியாத அளவுக்குக் கணக்கும் இருக்கிறது. 2019ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் 7,409 அறுவை சிகிச்சை ரெசிடென்ட்களைக் கேட்டார்கள். 16.6% பேர் இனப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதில் கிட்டத்தட்ட பாதி நோயாளிகளிடமிருந்தும் அவர்கள் குடும்பத்தாரிடமிருந்தும் வந்தது. எல்லா இனத்தவரையும் சேர்த்த எண் இது என்பதைக் கவனியுங்கள். அதே துறையில் அடுத்து வந்த ஆய்வு இனவாரியாகப் பிரித்துப் பார்த்தது. கறுப்பின ரெசிடென்ட்களில் சுமார் 70%, ஆசியர்களில் சுமார் 46%, ஹிஸ்பானிக்குகளில் கால்வாசிப் பேர் ஆமாம் என்றார்கள். ஆசியர் என்றால் நாமும் அதில் சேர்த்தி. பெயரை மாற்றிக் கூப்பிடுவது, ஒரு இந்தியரை இன்னொரு இந்தியராக நினைத்துப் பேசுவது எல்லாம் இதில் அடக்கம்.

நோயாளி "எனக்கு இந்த டாக்டர் வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொல்வதும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் கொடியவனாக இருந்தாலும் பார்த்தாக வேண்டும், அவசரப் பிரிவுக்கு வந்தவரைக் கவனிக்காமல் அனுப்பக் கூடாது என்று 1986 சட்டம் இருக்கிறது. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றால்தான் சிக்கல். சீனியர் டாக்டர் அந்த இடத்திலேயே, "இவர்தான் உங்கள் டாக்டர், நல்ல டாக்டர், வேறு ஆள் தர மாட்டோம்" என்று சொல்லலாம். அல்லது சத்தமில்லாமல் வேறு ஆளை மாற்றிவிட்டு ரெசிடென்ட்டிடம் "உன் நன்மைக்குத்தான்" என்று சொல்லலாம். இரண்டாவதுதான் சுலபம் என்பதால் அதுவே அதிகம் நடக்கிறது. நோயாளி பேசியதைவிட சீனியர் பேசாமல் இருந்ததுதான் வலித்தது என்று என்னிடம் சொன்ன ரெசிடென்ட்கள் உண்டு.

தூதர் வேலை என்றேனே, அது இன்னொரு தினுசு. ஆள் எடுக்கும் சீசனில் கையேட்டில் படம் போட, வருகிறவர்களோடு சாப்பிட, கமிட்டிகளில் உட்கார எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஒரு கறுப்பின ரெசிடென்ட்டைத்தான் கூப்பிடுவார்கள். சிறுபான்மையினர் கட்டும் வரி என்றே டாக்டர்கள் இதைச் சொல்வார்கள். கூடுதல் நேரம், சம்பளம் கிடையாது, பதவி உயர்வில் கணக்கும் கிடையாது.

வகுப்பறையில் இது இன்னும் சங்கடமானது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்தில் கிரியாட்டினின் அளவை வைத்துக் கணக்குப் போடுவோம். 2009ல் வந்த சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்க வேண்டும். அதாவது ஒரே ரத்தப் பரிசோதனை முடிவு, வெள்ளைக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று காட்டும், கறுப்பினத்தவருக்குப் பரவாயில்லை என்று காட்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரிசையில் சேர அந்த விடை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போக வேண்டும் என்பதால் அவர்கள் தாமதமாகச் சேர்ந்தார்கள். இதை ஏன் என்று கேட்டவர்களில் மாணவர்களும் ரெசிடென்ட்களும் முன்னால் நின்றார்கள். 2021ல் சிறுநீரக நிபுணர்கள் குழு இனக் கணக்கை எடுத்துவிடச் சொன்னது. 2023ல் ஏற்கெனவே காத்திருந்த கறுப்பின நோயாளிகளுக்கு இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கும் நடைமுறை வந்தது. வகுப்பில் அந்தப் பெருக்கலைச் சொல்லிக் கொடுக்கும்போது எல்லோர் பார்வையும் திரும்பும் அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும். கறுப்புத் தோல் தடிமனானது என்பது போன்ற பொய் நம்பிக்கைகளில் ஒன்றையாவது வெள்ளைக்கார மருத்துவ மாணவர், ரெசிடென்ட்களில் பாதிப் பேர் நம்பினார்கள் என்று வர்ஜீனியாவில் 2016ல் நடந்த ஆய்வு சொன்னது. பக்கத்து நாற்காலிக்காரர்களே அவர்கள்தான்.

இனி மதிப்பீட்டுத் தாள். வருடத்துக்கு இரண்டு முறை கமிட்டி கூடும். 'மைல்ஸ்டோன்' என்ற பெயரில் மருத்துவ அறிவு, நோயாளி கவனிப்பு, பழகும் விதம், தொழில் ஒழுக்கம் என்று தலைப்புத் தலைப்பாக மார்க். கூடவே சீனியர்கள் எழுதிய நாலு வரி. மருத்துவ அறிவுக்காவது தேர்வு இருக்கிறது. தொழில் ஒழுக்கம், பழகும் விதம் இதற்கெல்லாம் அளவுகோல் ஏது? நான் பார்த்த கோப்புகளில் ஒரு மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு பேர் டிஸ்சார்ஜ் குறிப்பைத் தாமதமாக எழுதுகிறார்கள். ஒருவருக்கு, "வேலைப் பளு அதிகம், பாவம், சமாளித்துவிடுவார்" என்று வாய்மொழியோடு போகும். இன்னொருவருக்கு, "பொறுப்பின்மை" என்று எழுத்தில் ஏறும். ஒருவர் ரவுண்ட்ஸில் பேசாமல் இருந்தால் சிந்தனையாளர், இன்னொருவர் பேசாமல் இருந்தால் ஆர்வமில்லாதவர். பேசினாலோ "நர்ஸ்களோடு ஒத்துப்போவதில்லை". ஒருமுறை எழுத்தில் ஏறினால் அடுத்த சீனியர் அதைப் படித்துவிட்டுத்தான் அந்த ரெசிடென்ட்டைப் பார்க்கவே ஆரம்பிக்கிறார். உள்மருத்துவ ரெசிடென்ட்களின் மைல்ஸ்டோன் மார்க்குகளை அலசிய 2022ம் ஆண்டு ஆய்வு, சிறுபான்மையினருக்கும் ஆசியர்களுக்கும் வெள்ளையரைவிடக் குறைவாகவே மார்க் விழுந்தது என்று காட்டியது.

அங்கிருந்து படிகள் இறங்கும். முதலில் சீர்செய்யும் திட்டம், பிறகு நன்னடத்தைக் கண்காணிப்பு, பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற கடிதம். கண்காணிப்பில் வைக்கப்பட்டீர்களா என்ற கேள்வி மாநில லைசென்ஸ் படிவங்களில் பின்னாளிலும் வரும், பதில் சொல்லியே ஆக வேண்டும். கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், ஹோரோவிட்ஸ் என்ற மருத்துவ மாணவி வழக்கில் 1978ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படிப்பு சார்ந்த தீர்ப்புகளில் கல்வி நிறுவனத்தின் கருத்துக்கு நீதிபதிகள் பெரும்பாலும் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. ரெசிடென்சி வழக்குகளிலும் மருத்துவமனைகள் அதையே கேடயமாகப் பிடிக்கின்றன. 'படிப்புக் காரணம்' என்று முத்திரை குத்திவிட்டால் கிட்டத்தட்ட முடிந்தது. 2015ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்: ரெசிடென்ட்களில் கறுப்பினத்தவர் சுமார் 5%. பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டவர்களில் சுமார் 20%.

நீக்கப்பட்ட எல்லோரும் இனவெறிக்குப் பலியானவர்கள் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு நிஜமாகவே வைத்தியம் வராது, நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தாட்சண்யம் பார்க்க முடியாது. ஆனால் நாலு மடங்கு வித்தியாசத்தைத் திறமை என்ற ஒன்றை வைத்து விளக்க முயல்கிறவர்களிடம், தவறு செய்த மற்றவர்களின் கோப்பையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நிற்கும்.

நிலைமை சீராகிறதா என்றால், போன பத்து வருடத்தில் கொஞ்சம் முன்னே போய், இப்போது பின்னே வருகிறது. 2019ல் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, பல சமூகத்தவரையும் சேர்க்க முறையான முயற்சி வேண்டும் என்று விதி போட்டது. 2023ல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர் எண்ணிக்கை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2025ல் இப்படிப்பட்ட விதிகளுக்கு எதிராக அதிபர் போட்ட உத்தரவுக்குப் பிறகு அந்த அங்கீகார அமைப்பும் தன் விதியை அமல்படுத்துவதை நிறுத்தி வைத்தது. ஒரே நல்ல சேதி, ரெசிடென்ட்களின் தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்கின்றன. சங்க ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் புகார் கொடுக்க ஒரு வழியாவது எழுத்தில் இருக்கிறது.

நம்மவர்கள் கதைக்கு வருகிறேன். அமெரிக்க டாக்டர்களில் கால்வாசிப் பேர் வெளிநாட்டில் படித்தவர்கள், அதில் இந்தியர்கள்தான் முதலிடம். சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி என்று போனவர்களுக்குக் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால். அதே காலத்தில்தான் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தின் பலனாக, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் வேண்டுமென்றால் வார்டுகளில் இனப் பிரிவினை கூடாது என்று மருத்துவமனைகளை அரசு மடக்கியது. ரெசிடென்ட் சம்பளத்துக்கும் பெரும்பகுதி அந்த மெடிகேர் பணம்தான். கறுப்பினத்தவர் போராட்டத்துக்கு நம் முந்தைய தலைமுறை டாக்டர்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று நம் டாக்டர் சங்க விழாக்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

உங்கள் தங்கை மகளுக்கு உச்சரிப்பைக் கிண்டல் செய்வது, "உங்க ஊரில் இதெல்லாம் உண்டா" வகையறா எல்லாம் வரும். அதைவிடப் பெரியது விசா. வெளிநாட்டுக் குடிமக்களில் மேட்சில் இடம் கிடைப்பதே சுமார் 60% பேருக்குத்தான். பயிற்சிக்கான ஜே-1 விசாவில் போனால் பயிற்சி போன கையோடு விசாவும் போகும். அதனால் கறுப்பின அமெரிக்க ரெசிடென்ட் வாயைத் திறக்கும் இடத்தில்கூட நம் பிள்ளைகள் திறப்பதில்லை. அப்புறம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனியராக உட்கார்ந்து மார்க் போடுகிறவர்களில் இந்தியர்கள் ஏராளம், கறுப்பின ரெசிடென்ட்களைப் பற்றி நம் ஆட்கள் சாப்பாட்டு மேஜையில் பேசுவது காது கூசும். சாதியும் நிறமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அமெரிக்கா புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2019ல் மும்பையில் பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வி தற்கொலை செய்துகொண்டார், சீனியர்கள் மூவர்மேல் வழக்குப் பதிவானது. பயிற்சிக் காலத்தில் ஜூனியரின் குடுமி சீனியர் கையில் இருப்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

செய்யக் கூடியவை சில. நேர்காணலின்போது ரெசிடென்ட்களிடம் தனியாக, கடந்த சில வருடங்களில் பாதியில் போனவர்கள் யார், ஏன் போனார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் அதுவே பதில். சேர்ந்த பிறகு ஒவ்வொரு ரொட்டேஷனின் (பிரிவு பிரிவாக மாறிச் செய்யும் பயிற்சி) பாதியிலும், நான் எதை மாற்ற வேண்டும் என்று சீனியரிடம் ஈமெயிலில் கேட்க வேண்டும். நன்றாகச் செய்கிறாய் என்று வரும் பதிலை சொந்த ஈமெயிலில் எழுதித் தேதியோடு குறித்து வைக்கலாம், நோயாளி விவரம் எதுவும் அதில் வரக் கூடாது. தன் துறைக்கு வெளியே ஒரு சீனியரையாவது பழக்கம் பிடித்து வைக்க வேண்டும், கமிட்டியில் நடப்பதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

கடைசியாக, ஒருவேளை நிலைமை முற்றி டைரக்டர் கூப்பிட்டு, "நீயாகவே ராஜினாமா செய்துவிட்டால் ரெக்கார்டில் கறை படாது" என்று கடிதத்தை நீட்டினால் அன்றைக்குக் கையெழுத்துப் போடவே கூடாது. நீக்கினாலோ, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டாலோ, மேல்முறையீடு செய்ய ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்பது அங்கீகார விதி. ராஜினாமா செய்தவர் அந்த உரிமையைத் தானே விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வெளியே வந்து, முதல் போனை வேலைச் சட்டம் தெரிந்த வக்கீலுக்கும், இரண்டாவதை விசா வக்கீலுக்கும் போட வேண்டும்.